பெயர்ப்பலகை இல்லாமலே யார் வீடு என்று தெரிய: வீட்டை உங்கள் ரசனைப்படி அமைக்க ஒரு முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை சாலையோரம் புதிதாக எழும்பும் வீடுகளைப் பாருங்கள். முன்னால் சரிந்த ஓட்டுக் கூரை, இரண்டு உருண்டைத் தூண், பளபளக்கும் கிரானைட் போட்ட சிட்அவுட். உள்ளே நுழைந்தால் கிரீம் நிற டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங்கில் நீல விளக்கு, டிவிக்குப் பின்னால் கல் மாதிரி தெரியும் வால்பேப்பர். எல்லாம் காசு கொடுத்து வாங்கிய நல்ல பொருள்தான். ஆனால் வாசலில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் அது யார் வீடு என்று சொல்ல முடியாது. டாக்டர் வீடு, கொத்தனார் வீடு, வளைகுடாவிலிருந்து திரும்பியவர் வீடு, மூன்றும் ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் ‘கேரளா ஸ்டைல்’ மோகம். புது கான்கிரீட் ஹாலில் ஒரு கதகளி முகம், ஒரு உருளி (அகன்ற வெண்கலப் பாத்திரம்), பிளாஸ்டிக் வாழைமரம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண். செங்கோட்டையும் அப்படித்தான். நம் தாத்தா வீட்டிலேயே இரண்டு பக்கத்துப் பழக்கமும் இருந்தது: வாசலில் கோலம், உள்ளே மரமச்சு, மூலையில் நெல் போடும் பத்தாயம், அடுக்களையில் வெண்கல உருளி. இருப்பதை விட்டுவிட்டுக் கடையில் போய் கேரளத்தை வாங்குவானேன்?

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் பார்ப்பது, அப்புறம் குறைப்பது, கடைசியில்தான் வாங்குவது. பெரும்பாலானவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

படி 1: ஒரு மாதம் எதுவும் வாங்காமல் வீட்டைப் பாருங்கள்

கண் பழகிப்போன இடத்தில் குறை தெரியாது. போனை எடுத்து ஒவ்வொரு அறையையும் வாசற்படியில் நின்று ஒரு படம் எடுங்கள். காலையில் ஒன்று, விளக்கு போட்ட பிறகு ஒன்று. எடுப்பதற்கு முன் ஒதுக்கி வைக்காதீர்கள். மறுநாள் ஆற அமர உட்கார்ந்து அந்தப் படங்களைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து தொங்கும் வயர், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, பிரிட்ஜ் தலையில் மருந்துச்சீட்டுக் குவியல், ஒரே சுவரில் நான்கு காலண்டர் என்று நேரில் கண்ணில் படாததெல்லாம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

கூடவே ஒரு பழைய நோட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் பாதி முடிவுகள் இதிலிருந்துதான் வரும். ஹாலில் ஒரு லட்சம் ரூபாய் சோபா கிடக்கும், வீட்டில் எல்லோரும் அடுக்களைக்குப் போகும் வழியில் உள்ள டைனிங் மேசையைச் சுற்றித்தான் இருப்பார்கள். அப்பா சிட்அவுட்டின் படியை விட்டு நகர மாட்டார். பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் படிக்கும். அப்படியானால் பணமும் கவனமும் போக வேண்டிய இடம் டைனிங் மேசையின் மேல் உள்ள விளக்கும், சிட்அவுட்டில் சாய்வதற்கு ஒரு நல்ல நாற்காலியும், கட்டில் பக்கத்தில் ஒரு வாசிப்பு விளக்கும்தான். விருந்தாளிக்காக மட்டும் இருக்கும் ஹாலில் உங்கள் ரசனை ஒருநாளும் ஒட்டாது.

படி 2: பிடித்ததை, ஏன் பிடித்தது என்பதோடு எழுதுங்கள்

இன்ஸ்டாகிராமில் படம் சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே வரும் வெள்ளை வெளேர் அறைகளில் பல, ஆண்டில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் எடுத்தவை அல்ல. அதனால் நேரில் போய் நிற்கக்கூடிய இடங்களையும் பட்டியலில் சேருங்கள்.

என்னைக் கேட்டால் முதல் இடம் தக்கலை பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை. பள்ளிச் சுற்றுலாவில் ஓடிப் பார்த்தவர்கள் இப்போது மெதுவாகப் போய்ப் பாருங்கள். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மரச்சட்டங்களை நெருக்கமாக அடித்த ஜன்னல்கள் வழியே வெளிச்சம் கீற்றுக் கீற்றாக வரும், வெக்கை உள்ளே வராது. கறுப்புத் தரை கண்ணாடி போல் மின்னும். அதில் சுண்ணாம்போடு எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் கலந்ததாகச் சொல்வார்கள். தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் பலா மரத்தில் செதுக்கிய ஒற்றைத் தூண் நிற்கிறது. இவ்வளவு வேலைப்பாடு உள்ள அரண்மனையில் அறைக்குள் பொருள் எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். கண் தூணில் நிற்கிறது என்றால் அதைச் சுற்றி வேறொன்றும் இல்லை என்பதால்தான்.

இரண்டாவது, திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ். வளைந்து வளைந்து மேலேறும் அந்தச் செங்கல் கட்டிடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். செங்கல்லுக்கு மேல் பூச்சு வேண்டாம், இடித்த வீட்டின் கதவும் ஜன்னலும் மறுபடி பயன்படட்டும், காற்று வர ஜன்னலுக்குப் பதில் ஓட்டைச் செங்கல் சுவர் போதும் என்று வேலை செய்தவர். பஸ் பிடிக்கிற அவசரத்தில் காபி குடித்துவிட்டு ஓடாமல், பகலிலும் உள்ளே விழும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் குடும்பத்தின் பழைய வீடு. விற்றுப்போயிருந்தால் பழைய போட்டோ ஆல்பம்.

இங்கெல்லாம் பார்த்ததில் பிடித்தவை பத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ‘சாய்வு நாற்காலி பிடித்தது’ என்பதோடு நிறுத்தக் கூடாது. அதன் நீண்ட கையா, பிரம்புப் பின்னலா, அது ஜன்னலோரம் கிடந்த விதமா? காரணங்களைப் படித்தால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அதில் மூன்றை எடுங்கள். ஒருவருக்கு ‘நிழல், மரம், காலி இடம்’ என்று வரும். இன்னொருவருக்கு ‘நிறம், பூ, கூட்டம்’ என்று வரும். இரண்டாமவர் வீட்டில் வெள்ளைச் சுவரும் ஒற்றைத் தொட்டியும் வைத்தால் அவர் ஒரு மாதத்தில் மூச்சு முட்டிப் போவார். இனி எது வாங்கினாலும், எதை விட்டாலும், இந்த மூன்று சொல்லில் ஒன்றாவது அதற்குப் பொருந்த வேண்டும். இவ்வளவுதான் ‘பெர்சனல் ஸ்டைல்’ என்று பெரிதாகப் பேசுவது.

படி 3: ஷோகேஸிலிருந்து குறைக்கத் தொடங்குங்கள்

நம் பக்கத்து வீடுகளில் ஹாலின் ராஜா ஷோகேஸ்தான். கல்யாணப் பரிசு டீ செட், பள்ளிக் கோப்பை, துபாயிலிருந்து வந்த காலி சென்ட் பாட்டில், கண்ணாடி அன்னம், சின்ன தாஜ்மகால், கன்னியாகுமரி சிப்பி மாலை, யாரோ கொடுத்த திருவள்ளுவர் சிலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அதனால்தான் தூக்கிப் போட மனம் வராது, போடவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புங்கள். மூன்றில் ஒரு பங்கை மட்டும் திரும்ப வையுங்கள். மீதியைத் துடைத்து, பேப்பரில் சுற்றி, பெட்டியில் பெயர் எழுதி மேலே ஏற்றுங்கள். ஓணத்துக்கோ பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ பெருநாளுக்கோ பெட்டியைத் திறந்து மாற்றி வைத்துக்கொள்ளலாம். வைக்கும்போது ஒரே உயரப் பொருள்களை வரிசை கட்டி நிறுத்தாமல், உயரமானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தாழ்வானது ஒன்று என்று மூன்று மூன்றாகக் கூட்டுங்கள். தட்டின் பாதி காலியாக இருக்கட்டும்.

அடுத்தது வயர். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான், மாற்றமோ பெரிது. டிவி, மோடம், இன்வெர்ட்டர் வயர்களைக் கட்டி, சுவரோரம் பிளாஸ்டிக் கேசிங்குக்குள் விடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு வேலை முடிந்ததுமே அறை பெரிதானது போல் இருக்கும்.

படி 4: நிறத்துக்கு முன் ஈரம்

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை, அக்டோபரில் வரும் வடகிழக்கு மழை இரண்டும் நமக்கு உண்டு. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, தரையிலிருந்து இரண்டடி வரை பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தாலோ, நிறம் மாற்றிப் பயனில்லை. கசிவு எங்கே என்று பார்த்து முதலில் அதை அடைக்க வேண்டும். கூரையா, பாத்ரூம் குழாயா, வெளிச்சுவரை ஒட்டி மேடாகிப்போன மண்ணா? மழை முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் பெயிண்ட் அடிப்பது நல்லது. புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் என்றால் 28 நாளாவது விட்டுவிடுங்கள்.

வெளிச்சுவரில் வால்பேப்பர் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பின்னால் பூஞ்சை வளர்வது உங்களுக்கு வெளியே தெரியவே தெரியாது. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று விரல்கட்டை இடைவெளி விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஆடி மாதம் பட்டுப்புடவையை எடுக்கும்போது தெரியும்.

இப்போது நிறம். அலங்காரக்காரர்கள் சொல்லும் 60-30-10 கணக்கு தொடங்குவதற்கு உதவும்: அறையின் 60 பங்கு ஒரு நிறம் (சுவரும் தரையும்), 30 பங்கு இரண்டாவது நிறம் (சோபா, கர்ட்டன், அலமாரி), 10 பங்கு துணிச்சலான நிறம் (தலையணை உறை, ஒரு படம், ஒரு ஜாடி). தரையை மறந்துவிட்டுச் சுவருக்கு மட்டும் நிறம் தேடுவதால்தான் சிக்கல். உங்கள் வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை மிஞ்சியிருந்தால் பெரும் அதிர்ஷ்டம். அதன் மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்பவரிடம் ‘சரி, பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மிக லேசாகத் துடைத்து, வழுக்காதபடி காய்ந்த துணியால் மறுபடி தேய்த்துப் பாருங்கள். சிவப்புத் தரைக்கு வெள்ளை கலந்த மஞ்சள், சுண்ணாம்பு வெள்ளை, இலையின் அடிப்பக்கப் பச்சை ஆகியவை ஒத்துப்போகும். ஊதா, ரோஸ் எல்லாம் சண்டை போடும்.

கிரீம் டைல்ஸ் உள்ளவர்கள் கலங்க வேண்டாம். தரையின் மினுமினுப்பை மட்டுப்படுத்த ஒரு பெரிய விரிப்பு போதும். பவானி ஜமுக்காளத்தின் தடித்த வண்ணப் பட்டைகள் வெளிறிய டைல்ஸுக்கு உயிர் கொடுக்கும். விரிப்பு சின்னதாகப் போனால் அறை நடுவில் கைக்குட்டை விழுந்த மாதிரி இருக்கும். சோபாவின் முன்கால்கள் இரண்டும் அதன் மேல் ஏறும் அளவுக்கு வாங்குங்கள்.

கடையில் உள்ள ஷேட் கார்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, அறையின் வெளிச்சமான சுவரிலும் இருட்டான மூலையிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்துப் பாருங்கள். நம் பழைய வீடுகளில் கூரை தாழ இறங்குவதால் உள்ளே இருட்டு. இருட்டு அறையில் தூய வெள்ளை, சாம்பல் நிறமாகத் தெரியும். அங்கே கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளைதான் நல்லது. ஓட்டுக் கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டால் பகலில் விளக்கே வேண்டாம்.

படி 5: விளக்கை மாற்றுங்கள்

குறைந்த காசில் வீட்டின் முகத்தை மாற்ற வேண்டுமென்றால் இதுதான் வழி. ஏனோ இதைத்தான் யாரும் செய்வதில்லை. நம் ஹால்களில் நடுக்கூரையில் ஒரு வெள்ளை டியூப்லைட், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் தேக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகத் தெரியும், மனிதர்களும் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் போல் தெரிவார்கள்.

எல்.இ.டி. பல்பு அட்டையில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் தட்டிய வெள்ளை. 4000 நடுத்தரம். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். அடுக்களை மேடை, பிள்ளைகள் எழுதும் மேசை இவற்றுக்கு 4000 சரியாக இருக்கும். ஹால், படுக்கையறை, சிட்அவுட், சாமி அறைக்கு 2700 அல்லது 3000. ஒரே அறையில் இரண்டு மூன்று விதத்தைக் கலக்காதீர்கள். அட்டையில் சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண்ணும் இருக்கும், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான அளவு அது. அது 80-க்குக் கீழே இருந்தால் நிறங்கள் செத்துத் தெரியும். 90 கிடைத்தால் துணிக்கும் படங்களுக்கும் நல்லது.

ஒரு பெரிய விளக்குக்குப் பதில் மூன்று சின்ன விளக்கு. சோபா பக்கத்தில் நிற்கும் விளக்கு ஒன்று, ஷோகேஸுக்குள் ஒன்று, சுவரில் படத்தின் மேல் ஒன்று. கூரை விளக்கு பெருக்கித் துடைக்கும் நேரத்துக்கு இருக்கட்டும். டைனிங் மேசைக்கு மேல் தொங்கவிடும் விளக்கின் அடிப்பக்கம் மேசையிலிருந்து 30 முதல் 36 அங்குலம் உயரத்தில் இருந்தால் கண் கூசாது, எதிரில் இருப்பவர் முகமும் மறையாது. பழைய மூங்கில் கூடையையோ ஓலைக் கடவத்தையோ கவிழ்த்து விளக்குக் கூண்டாக்குவது அழகாக இருக்கும். உள்ளே எல்.இ.டி. மட்டும் போடுங்கள், குண்டு பல்பு போட்டால் ஓலை கருகும்.

ஃபால்ஸ் சீலிங் நீல விளக்கு பற்றி என் கருத்து: ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த சுவிட்சைத் தொடாமல் இருங்கள்.

படி 6: அறைக்கு ஒரு பெரிய பழைய பொருள்

ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருள் மட்டும் கண்ணைப் பிடித்து நிறுத்தட்டும், மற்றவை ஒதுங்கட்டும். அந்தப் பொருள் பெரும்பாலும் உங்கள் உறவினர் யாராவது ஒருவருடைய விறகுப் புரையில் கிடக்கும். நெல் போடும் பத்தாயத்துக்குள் கம்பளி, மெத்தை எல்லாம் வைக்கலாம். மேலே பஞ்சு மெத்தை விரித்தால் மதியத் தூக்கத்துக்கு ஆகும், நம் தாத்தாக்கள் அதைத்தான் செய்தார்கள். உடைந்த கதவின் பலகை மேசையாகும். ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடியில் குடை நிற்கும். சுளவு (முறம்) சுவரில் மாட்டினால் அழகுதான். ஆனால் ஒன்று போதும், ஏழு மாட்டினால் அது ஓட்டல்.

குடும்பத்தில் எதுவும் மிஞ்சவில்லை என்றால் பழைய வீடு இடிக்கும் இடங்களில் விசாரியுங்கள். கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. மரத்தைத் தெரிந்து வாங்குங்கள். பலா மரம் புதிதில் மஞ்சளாக இருந்து வயதாக ஆகத் தேன் நிறத்துக்கு இருளும். அயனி மரம் நம் பக்கத்துக் கதவு, நிலைகளில் அதிகம். தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. சின்னச் சின்ன வட்ட ஓட்டைகளும் அடியில் மாவு போல் தூளும் இருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள், அதை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கவனம் வேண்டும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும். காய்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேயுங்கள். மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். சுத்தமான மரத்துக்குப் பளபளக்கும் பாலிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்தால் மரத்தின் கோடுகள் எழுந்து வரும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

புதிது வாங்கத்தான் வேண்டும், பட்ஜெட்டும் குறைவு என்றால் ரப்பர் மரச் சாமான் பாருங்கள். பால் வற்றிய ரப்பர் மரங்களை 25, 30 ஆண்டில் வெட்டிவிடுவார்கள். அந்தப் பலகை வெளிர் நிறம், வேலைக்கு இசையும், விலையும் மலிவு. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி சீக்கிரம் தின்றுவிடும். ‘ட்ரீட்மென்ட் பண்ணின மரமா?’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

சாமான்களை எல்லாம் சுவரோடு ஒட்டித் தள்ளி, நடுவில் கபடி மைதானம் விடுவது நம் பழக்கம். சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுங்கள். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 15 முதல் 18 அங்குலம், ஆள் நடக்கும் வழிக்கு மூன்றடி இருந்தால் போதும். உட்கார்ந்திருப்பவர்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள்.

படி 7: துணி

ஜன்னலில் நீளமான மரஅழி (மரக்கம்பி) உள்ள பழைய வீடென்றால் கர்ட்டனே வேண்டாம், அல்லது கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய துணி. அழியின் நிழல் தரையில் விழுவதை எந்தக் கர்ட்டனாலும் ஈடு செய்ய முடியாது.

புது வீட்டு அலுமினிய ஜன்னலுக்குக் கர்ட்டன் தேவைதான். கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேல் நான்கைந்து அங்குலம் உயர்த்தியும், இரு பக்கமும் ஆறு அங்குலம் நீட்டியும் அடித்தால் ஜன்னல் பெரிதாகத் தெரியும். துணியின் அகலம் ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. நீளம் தரையைத் தொட்டும் தொடாமலும். ஜன்னல் அளவுக்கு வெட்டிய குட்டிக் கர்ட்டன்கள் அறையைக் குள்ளமாக்கும்.

பீரோவில் கிடக்கும் பழைய பாலராமபுரம் கசவு முண்டு, கரை கிழிந்த காட்டன் சேலை, பாட்டியின் கண்டாங்கி எல்லாம் இங்கே கைகொடுக்கும். சாயம் ஏறாத கசவுத் துணி வழியே வரும் வெயில், பால் நிறத்தில் விழும். பட்டை மட்டும் வெட்டித் தலையணை உறையின் விளிம்பில் தைக்கலாம், மேசை விரிப்பாக்கலாம். எல்லா ஜன்னலுக்கும் கசவு போட்டால் கல்யாண மண்டபம் ஆகிவிடும். பத்தமடைக் கோரைப்பாயை சிட்அவுட் திண்டின் மேலோ ஊஞ்சல் பலகையிலோ விரித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் அதையும் பிரம்புச் சாமானையும் வெயில் தலைகாட்டும் நாளில் வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும்.

படி 8: சுவர்

படத்தை மாட்டுபவர் பெரும்பாலும் ஸ்டூலில் ஏறி நின்று ஆணி அடிப்பதால் எல்லாப் படமும் கூரைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேல் என்றால், சாய்வின் உச்சிக்கும் சட்டத்தின் அடிக்கும் ஆறு முதல் எட்டு அங்குலம். பல படங்களைச் சேர்த்து மாட்டுவதாக இருந்தால் முதலில் பேப்பரை அந்தந்த அளவுக்கு வெட்டி டேப்பில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.

என்ன மாட்டுவது என்பதில் கடையில் அச்சடித்த குதிரைப் படத்தை விட, உங்கள் தாத்தாவின் பழைய பத்திரத்தில் உள்ள திருவிதாங்கூர் முத்திரைத்தாள் ஆயிரம் மடங்கு உங்களுடையது. அசலை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, ஸ்கேன் செய்த பிரதியைச் சட்டம் போடுங்கள். முளகுமூட்டு எம்பிராய்டரி உள்ள கைக்குட்டை, பிள்ளை வரைந்த படம், பழைய குடும்பப் போட்டோ எல்லாம் தகும். வெவ்வேறு அளவானாலும் சட்டங்களின் நிறத்தை ஒன்றாக்கினால் கூட்டம் ஒழுங்காகிவிடும்.

சாமி படங்கள், சுரூபங்கள், வேத வசனம், அரபு எழுத்துப் பலகை இவற்றை அலங்காரப் பொருளாக நினைத்து இடம் மாற்றாதீர்கள். வீட்டுப் பெரியவர்களோடு பேசி ஒரே இடத்தில் சேர்த்து, பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் ஓர் ஆழ்ந்த நிறம் கொடுத்து, மேலே இதமான சின்ன விளக்கு வையுங்கள். சிதறி இருந்ததை விட மரியாதையாக இருக்கும். மாலை போட்ட முன்னோர் படங்களுக்கும் அப்படியே.

படி 9: செடியும் பூவும்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஈரக்காற்றில் குச்சியை நட்டாலும் துளிர்க்கும். வெளிச்சம் குறைந்த மூலைக்குப் பாம்புச் செடி, மணி பிளாண்ட். சிட்அவுட் நிழலுக்கு ஆந்தூரியம், பெரணி. தொவாளைச் சந்தையிலிருந்து வரும் அரளியும் செவ்வந்தியும் உருளித் தண்ணீரில் மிதந்தால் அழகுதான். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்குக் கொசு முட்டையிடுவது இந்த மாதிரித் தெளிந்த நீரில்தான்.

படி 10: வீட்டில் உள்ள மற்றவர்கள்

தனி ரசனை என்று சொன்னாலும் வீட்டில் நான்கு பேர் இருப்பார்கள். உங்கள் மூன்று சொல்லும் மாமியாரின் மூன்று சொல்லும் ஒன்றாக இருக்கப் போவதில்லை. பொது இடமான ஹாலுக்கு எல்லோரும் சேர்ந்து நிறம் மட்டும் முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மூலையோ ஒரு சுவரோ முழு உரிமையாகக் கொடுங்கள். அம்மாவின் மூலையில் பிளாஸ்டிக் ரோஜா இருந்தால் அது அம்மாவின் மூலை. ‘மாமா, இந்தப் பெரிய கடிகாரத்தைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றினால் சாப்பிடும்போது நேரம் தெரியும்’ என்று காரணத்தோடு கேட்டால் நடக்கும். ‘இது அசிங்கமாக இருக்கிறது’ என்றால் அந்தக் கடிகாரம் இன்னும் இருபது வருஷம் அங்கேயே இருக்கும்.

படி 11: செலவு வரிசையும் வாடகை வீடும்

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால் இந்த வரிசையில் போங்கள்: கசிவு அடைப்பது, வயர் ஒதுக்குவது, பல்பு மாற்றுவது, ஒரு சுவருக்குப் பெயிண்ட், கர்ட்டன், விரிப்பு, அப்புறம்தான் சாமான். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் சில வாரம் விடுங்கள். பல நேரம் அடுத்தது தேவையே இல்லை என்று தோன்றும்.

மார்த்தாண்டத்திலோ பாறசாலையிலோ வாடகைக்கு இருப்பவர்கள் ஆணி அடிக்கவும் பெயிண்ட் மாற்றவும் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், முடிந்தால் வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதிக்காவிட்டால், நீங்கள் போகும்போது கூடவே வரக்கூடியவற்றில் மட்டும் பணம் போடுங்கள்: நிற்கும் விளக்கு, விரிப்பு, கர்ட்டன், செடித் தொட்டி, பத்தாயம். பெரிய படங்களை மாட்டாமல் அலமாரியின் மேல் சாய்த்து வைக்கலாம். வீட்டுக்காரர் போட்ட வெள்ளை பல்புகளைக் கழற்றிப் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், காலி செய்யும் அன்று அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகலாம்.